லாச்சப்பலிலிருந்து பாஸ்தில் வரை: தண்ணீர்ப் பாதையும் இறுகும் ஸ்டியரிங்கும்

லாச்சப்பல் என்றதும் எமக்கு நினைவில் வருவது கடைத்தெரு. கார் து நோர் புகையிரத நிலையத்தின் பின்புறம், போபூர் சந்தெனி வீதியிலும் அதைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் மரக்கறிக் கடை, நகைக்கடை, புடைவைக்கடை, சாப்பாட்டுக்கடை என்று எங்கள் பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கின்றன. பிரான்சின் எந்த மூலையில் வதிந்தாலும் மாதத்தில் ஒரு தடவையாவது முருங்கைக்காய்க்கும் கருவாட்டுக்குமாக இங்கே வந்து போகிறோம். பைகள் நிறைந்ததும் வந்த மெத்ரோவிலேயே திரும்பி விடுகிறோம். இக்கடைத்தெருவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடையில் தண்ணீர் இருக்கிறது, அதில் படகுகள் ஓடுகின்றன என்பது புதிதாக வந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியாது.

வழி இலகுவானது. போபூர் சந்தெனியிலிருந்து லூயி பிளாங் வீதியைப் பிடித்து நேரே நடந்தால் சென் மார்த்தன் கால்வாயின் பாலத்துக்கு வந்து சேர்வீர்கள். நடக்க முடியாதவர்கள் லாச்சப்பலில் 2ஆம் இலக்க மெத்ரோவில் ஏறினால் அடுத்த தரிப்பு ஸ்தாலின்கிராட், அதற்கடுத்தது ஜோரேஸ். எதில் இறங்கினாலும் எதிரே லாவில்லெத் தடாகம் விரிந்து கிடக்கும்.

காலையில் வீதி கழுவும் தண்ணீர்

நெப்போலியன் ஆட்சிக்கு வந்த காலத்தில் பாரிஸ் நகரில் நல்ல தண்ணீருக்குப் பெரும் தட்டுப்பாடு. வடகிழக்கிலுள்ள ஊர்க் என்ற ஆற்றிலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவர 1802இல் கட்டளை பிறந்தது. அப்படி வெட்டப்பட்டதே ஏறத்தாழ 108 கிலோமீற்றர் நீளமான ஊர்க் கால்வாய். அதன் தண்ணீர் வந்து தேங்குவதற்கு அமைத்த லாவில்லெத் தடாகம் 1808இல் திறக்கப்பட்டது. பின்னர் படகுப் போக்குவரத்துக்காக இங்கிருந்து வடக்கே சென்தெனிக்கு 1821இலும், தெற்கே செயின் ஆற்றை நோக்கி 1825இலும் இரண்டு கால்வாய்கள் திறக்கப்பட்டன. தெற்கே போவதுதான் சென் மார்த்தன்.

காலையில் கடை திறக்க வருபவர்கள் லாச்சப்பல் வீதியோரத்தில் தண்ணீர் ஓடுவதையும், துப்புரவுத் தொழிலாளர் அதைக்கொண்டு குப்பை தள்ளுவதையும் கண்டிருப்பார்கள். பாரிஸ் நகரம் வீதி கழுவப் பயன்படுத்தும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு ஊர்க் கால்வாயிலிருந்தே வருகிறது. ஆக, நாம் கால்வாயைத் தேடிப் போகாவிட்டாலும் கால்வாய் எங்கள் கடை வாசலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. பந்தன், பொபினி, பொந்தி, ஒல்னே பக்கம் குடியிருப்பவர்களுக்கோ அது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது.

தடாகத்தின் மறுகோடியில், கிரிமே வீதியில் ஒரு தூக்குப்பாலம் உண்டு. 1885இல் கட்டியது. படகு வரும்போது வீதி முழுவதும் ஒரு தட்டுப்போல அப்படியே மேலே எழும்பும். பிள்ளைகளைக் கூட்டிச்சென்று காட்டவேண்டிய காட்சி. அந்தக் காலத்தில் இவ்வளவு பாரத்தையும் தூக்கியது குழாய்க்குள் அடைத்த தண்ணீரின் அழுத்தம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். படகின் ஸ்டியரிங்கைப் பற்றிப் பேசும்போது உதவும்.

பாஸ்தில் துறை

சென் மார்த்தன் கால்வாய் நாலரைக் கிலோமீற்றர் நீளம். அந்தத் தூரத்துக்குள் தண்ணீர் ஏறத்தாழ 25 மீற்றர் கீழே இறங்கவேண்டும். அதற்காக ஒன்பது நீர்ப்பூட்டுகள் கட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சில் இதற்கு 'எக்லூஸ்' என்று பெயர். படகு ஒரு தொட்டிக்குள் நுழையும், பின்கதவு மூடும், தண்ணீர் வடியும், படகு மெதுவாகத் தாழும், முன்கதவு திறக்கும். பாலத்தில் நின்று பார்த்தால் பொழுது போவதே தெரியாது. றிப்பப்ளிக் பக்கம் கடந்ததும் கால்வாய் நிலத்துக்குக் கீழே நுழைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் இருட்டில் ஓடி, பாஸ்தில் சதுக்கத்தின் அடியால் வெளியே வருகிறது. அங்கேதான் ஆர்செனால் துறை. 1983 முதல் உல்லாசப் படகுகள் கட்டும் இடமாக இருக்கிறது. கார் து நோரிலிருந்து 5ஆம் இலக்க மெத்ரோவில் ஏறிப் பாஸ்தில் தரிப்பில் நின்றால், மேடையிலிருந்தே படகுகளைப் பார்க்கலாம்.

இப்படகுகளைக் கவனித்துப் பார்த்தால், திரும்பும் முறையில் மூன்று வகை தெரியும்.

முதலாவது, பெனிஷ் எனப்படும் நீண்ட இரும்புப் படகு. பின்னால் சுக்கான் உண்டு. எங்கள் ஊர் வத்தைக்கும் பாய்க்கப்பலுக்கும் உள்ள அதே சுக்கான்தான். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், எம்மவரான மாலுமிகளுடன் புறப்பட்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அந்த நெடும் பயணத்தில் கப்பலைத் திருப்பியதும் ஒரு சுக்கான் பலகையே.

இரண்டாவது, பின்பலகையில் எஞ்சின் கொழுவிய படகு. ஊரில் மீன்பிடிக்கப் போன 'வெளியிணைப்பு இயந்திரம்' பூட்டிய பைபர்கிளாஸ் படகை அறியாதவர் இல்லை. அதற்குச் சுக்கான் கிடையாது. எஞ்சினே திரும்பும்.

மூன்றாவது வகை இவை இரண்டுக்கும் இடைப்பட்டது. எஞ்சின் படகின் உள்ளே பின்பக்கத்தில் இருக்கும். பலகைக்கு வெளியே ஒரு கால் மட்டும் தண்ணீருக்குள் இறங்கும். அதன் நுனியில் காற்றாடி. இதை ஸ்டேர்ன் டிரைவ் என்பார்கள். சுவீடனின் வொல்வோ பென்ரா நிறுவனம் 1959இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிரெஞ்சில் இந்தக் காலை 'ஆம்பாஸ்' என்று சொல்வார்கள். இதற்கும் சுக்கான் இல்லை. கால் இடம் வலமாகத் திரும்ப, காற்றாடி தள்ளும் தண்ணீரின் திசை மாறி, படகு திரும்பும்.

இதிலிருந்து ஒரு முக்கிய விதி வருகிறது. காற்றாடி சுற்றாவிட்டால் இந்தப் படகு ஸ்டியரிங்குக்குச் சரியாகப் பணியாது. கார் ஓட்டிப் பழகியவர்கள் கியரை நடுவில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்ப்பார்கள். படகு தன் பாட்டில் வழுகிக்கொண்டு சுவரை நோக்கிப் போகும். அது கோளாறு அல்ல, இந்த வகைப் படகின் குணம்.

தேருக்குச் சறுக்குக்கட்டை போல

எஞ்சின் பெரிதானால் அந்தக் காலைக் கைப்பலத்தால் மட்டும் திருப்புவது கடினம். அதற்காகவே பவர் ஸ்டியரிங். பிரெஞ்சில் 'தீரெக்சியோன் அசிஸ்தே'. நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் தேர் இழுத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானோர். ஆனால் தேரை மூலையில் திருப்புவது சில்லின் கீழ் சறுக்குக்கட்டை வைக்கிற ஒரு சிலரின் கை. பலம் ஒரு பக்கம், திசை காட்டும் கை இன்னொரு பக்கம்.

படகில் வடம் இழுப்பது ஒயில். எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த ஒரு பம்ப் ஒயிலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. நாம் ஸ்டியரிங்கைத் திருப்ப, அதன் கேபிள் பின்னாலுள்ள ஒரு சிறு வால்வை அசைக்கிறது. வால்வு திறந்த பக்கத்தால் ஒயில் சிலிண்டருக்குள் புகுந்து காலைத் தள்ளுகிறது. மூடிய திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாய்ப் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் விளக்கியவர் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கால். அவர் இறந்ததும் இதே பாரிஸ் நகரில்தான். கிரிமே வீதிப் பாலத்தைத் தூக்கிய தண்ணீரும் படகின் காலைத் திருப்பும் ஒயிலும் அந்த ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை.

எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் உதவி நிற்கும். எனவே எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங் பாரமாக இருப்பது இயல்பு. எஞ்சின் ஓடும்போதும் பாரமாக இருந்தால்தான் ஆராயவேண்டும்.

இறுகினால் எங்கே பார்ப்பது?

புதிதாகப் படகு வாங்கியவர்கள், நண்பர்களோடு பங்கு போட்டு வாங்கியவர்கள், படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் ஆகியோருக்காக இந்த ஒழுங்கைத் தருகிறோம். காசு செலவில்லாததில் தொடங்கிச் செலவானதில் முடிக்கவேண்டும். பம்பைக் கழற்றுவது கடைசி வேலை.

1. முதலில் எஞ்சினை நிறுத்தித் திறப்பை எடுத்துவிடுங்கள். ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றி நிரப்புவதோடு நிற்காமல் ஒழுக்கைத் தேடுங்கள். தயாரித்தவர் கையேட்டில் குறித்த ஒயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக்கூடாது.

2. ஒயிலின் நிறத்தைப் பாருங்கள். பால் போல வெளிறியிருந்தால் தண்ணீரோ காற்றோ கலந்திருக்கிறது. நுரை தெரிந்தால் காற்று. கருகிய மணம் வந்தால் ஒயில் சூடேறியிருக்கிறது. ஒயிலைக் குளிர்விக்க வெளித்தண்ணீர் போகும் ஒரு சிறு குளிர்விப்பான் உண்டு. கால்வாயின் இருகரையிலும் பிளாத்தான் மரங்கள். இலையுதிர் காலத்தில் அவற்றின் இலைத்துண்டும் பாசியும் குளிர்விப்பானின் வாயை அடைத்துவிடலாம். அப்படியானால் எஞ்சினும் சேர்ந்து சூடேறும்.

3. பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்பு, மினுமினுப்பு, தொய்வு மூன்றும் கெட்ட அடையாளம். ஸ்டியரிங்கை முற்றாக ஒரு பக்கம் திருப்பும்போது 'கீச்' என்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. மெதுவாக ஓடும்போது பாரமாகி, வேகமெடுத்ததும் இலகுவாகிறதென்றாலும் முதலில் பெல்ட்டைச் சந்தேகியுங்கள்.

4. இவை சரியென்றால், எஞ்சினை நிறுத்தியே வைத்துக்கொண்டு, பின்னால் வால்வோடு கேபிள் சேருமிடத்தைப் பிரியுங்கள். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். அப்போதும் இறுக்கமானால் குற்றம் கேபிளில் அல்லது ஸ்டியரிங் பெட்டியில். கேபிள் உள்ளே துருப்பிடித்திருந்தால் அதைச் சுத்தியலால் தட்டித் தேற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

5. ஸ்டியரிங் இலகுவாய்ச் சுற்றினால், வெளியே உள்ள காலைக் கையால் பிடித்து இடம் வலம் அசைத்துப் பாருங்கள். சிலிண்டரில் ஒயில் இருப்பதால் மெதுவாகத்தான் அசையும். அசையவே மறுத்தால் கால் சுழலும் அச்சு கிறீஸ் இன்றி இறுகியிருக்கிறது. மாறாக, கால் தளர்ந்து 'கடகட' என்று ஆடினால் அச்சோ இணைப்போ தேய்ந்துவிட்டது. தேய்ந்த காலோடு தண்ணீருக்குப் போகக்கூடாது.

6. கேபிளும் கால் அச்சும் நல்லது, ஒயிலும் பெல்ட்டும் நல்லது, ஆனாலும் எஞ்சின் ஓடும்போது உதவி வரவில்லை என்றால் மிச்சம் பம்பும் வால்வும். அதற்கு அழுத்தமானி வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் இலகுவாகவும் மறுபக்கத்துக்குப் பாரமாகவும் இருந்தாலும் இதே முடிவுதான்.

ஓட்டும்போது படகு ஒரே பக்கமாக இழுத்தால் ஒயிலில் குற்றம் தேடவேண்டாம். காற்றாடிக்கு மேலே ஒரு சிறு செதிள் போன்ற தகடு இருக்கும். படகு வலப்பக்கம் இழுத்தால் அத்தகட்டின் பின்னோரத்தைச் சற்று வலப்பக்கமாகவே திருப்பிப் பூட்டவேண்டும். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கமாக.

ஒயில் மாற்றிய பின் காற்றை வெளியேற்றவேண்டும். எஞ்சினை நிறுத்தியபடி ஸ்டியரிங்கை முழுதாக இரு பக்கமும் பல தடவை திருப்பி, மட்டம் பார்த்து ஊற்றி, பின் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு மீண்டும் அதையே செய்யுங்கள். நுரை அடங்கும்வரை பொறுமை வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் போகாமல் எஞ்சினைக் கரையில் ஓடவிடவே கூடாது. பெற்றோல் எஞ்சினாக இருந்தால், ஓடவிடுமுன் எஞ்சின் அறைக் காற்றாடியை நான்கு ஐந்து நிமிடம் போட்டுப் பெற்றோல் ஆவியை வெளியேற்றுங்கள். மூடிய அறையில் தேங்கும் ஆவிக்கு ஒரு பொறி போதும்.

உப்பும் உறைபனியும்

ஊரில் எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் இங்கே ஒரு புது எதிரியைச் சந்திக்கவேண்டும். அங்கே எதிரி உப்பு. தினமும் கடலுக்குப் போன படகை அன்றன்றே நல்ல தண்ணீரால் கழுவினோம். இங்கே எதிரி உறைபனியும் சும்மா கிடப்பதும். கோடையில் சில வாரம் ஓடிய படகு பிறகு மாதக்கணக்கில் கட்டிக்கிடக்கும். கேபிள் குழாய்க்குள் புகுந்த ஈரமும் காய்ந்துபோன கிறீஸும் சேர்ந்து சித்திரை மாதத்தில் ஸ்டியரிங்கைக் கல்லாக்கிவிடும். எஞ்சினிலும் குளிர்விப்பானிலும் தேங்கிய தண்ணீர் உறைந்தால் இரும்பே வெடிக்கும். ஆகவே மாரி தொடங்குமுன் தண்ணீரை வடித்து, கேபிளின் கம்பியை முழுதாக உள்ளிழுத்த நிலையில் கிறீஸ் அடித்துவிடுங்கள். கம்பி வெளியே நீண்டிருக்கும்போது அடித்தால் கிறீஸ் உள்ளே கட்டியாகி அதுவே அடைத்துவிடும்.

கயிறு அவிழ்க்குமுன்

கால்வாய்களில் வேக எல்லை மணிக்கு 6 கிலோமீற்றர், ஏறக்குறைய விரைந்து நடக்கும் வேகம். இவ்வளவு மெதுவாகப் போகும்போது என்ன ஆபத்து என்று கேட்கலாம். நீர்ப்பூட்டுக்குள் இரு பக்கமும் கற்சுவர், முன்னே கதவு. மெதுவாக ஓடும்போதுதான் வழுக்கும் பெல்ட் கைவிடும், எஞ்சினும் அணையப் பார்க்கும். அணைந்தால் ஸ்டியரிங் பாரமாகும், காற்றாடியும் நிற்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் கையைப் படகுக்கும் சுவருக்கும் இடையில் நீட்டுவதுதான் பெரிய ஆபத்து.

ஆகவே கயிறு அவிழ்க்குமுன், கட்டிய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை முழுதாக இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கால் அதனோடு சேர்ந்து திரும்புகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. ஓடும்போது ஸ்டியரிங் கைவிட்டால் வேகத்தைக் குறைத்து, நடுக் கியருக்கு வந்து, கயிறோ நங்கூரமோ போட்டு நில்லுங்கள். உயிராபத்து என்றால் 112 இலக்கத்தை அழையுங்கள்.

சட்டத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 4.5 கிலோவாட்டுக்கு, அதாவது 6 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சின் படகை ஓட்ட 'பெர்மி பிளேசான்ஸ்' என்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆற்றுக்கும் கால்வாய்க்கும் அதில் தனிப் பிரிவு உண்டு. 16 வயது முதல் எடுக்கலாம். லாவில்லெத் தடாகத்தில் வாடகைக்கு விடும் சிறு மின்சாரப் படகுகளுக்கு அது தேவையில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை போடாமல் ஏற்றாதீர்கள்.

படகும் நாங்களும்

எங்களில் பலருக்குப் படகு என்ற சொல் உல்லாசத்தைக் குறிப்பதில்லை. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகில் வெட்டுண்டு மாண்டவர்களை நெடுந்தீவார் மறக்கமாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் கிளாலிக் கடலை இரவிரவாகக் கடந்தவர்கள் இன்று பாரிசில் பாட்டனும் பாட்டியுமாக இருக்கிறார்கள். விளக்கில்லாமல், எஞ்சின் சத்தத்தையே உயிராய் எண்ணி, குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு கடந்த தாய்க்கு, பேரப்பிள்ளையின் பாடசாலையிலிருந்து 'கால்வாயில் படகுச் சுற்றுலா, ஒப்பமிடவும்' என்று கடிதம் வந்தால் கை நடுங்குவது நியாயமே. அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம்.

ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்கவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு பாலத்தில் நின்று நீர்ப்பூட்டைப் பாருங்கள். படகு ஏன் திரும்புகிறது, ஏன் நிற்கிறது என்று பிள்ளை பாட்டிக்கு விளக்கட்டும். இயங்கும் விதம் தெரிந்த பொருளைப் பற்றிய பயம் மெல்லக் குறையும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். குருநகரிலும் மயிலிட்டியிலும் பருத்தித்துறையிலும் எஞ்சின் பிரித்துப் பூட்டிய கைகள் லாச்சப்பலைச் சுற்றியுள்ள சமையலறைகளில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கின்றன. சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லக்கூடியவர்கள் அவர்கள். கடதாசி இல்லாததால் தாமே தம் தொழிலை மறைத்து வைத்திருக்கிறார்கள். வேலையனுபவத்தைத் தகைமையாக ஏற்கும் 'வே.ஆ.யே.' என்ற நடைமுறை 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரான்சில் வந்தது. இளைஞர்களுக்கு 'மந்தெனான்ஸ் நொத்தீக்' என்ற படகுப் பராமரிப்புத் தொழிற்கல்வி உண்டு. 16 முதல் 25 வயதுவரை உள்ளவர்கள் தம் பகுதி 'மிசியோன் லொக்கால்' நிலையத்திலும், மற்றவர்கள் 2024 முதல் 'பிரான்ஸ் திரவாய்' என்று பெயர் மாறிய வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் விசாரிக்கலாம். போகும்போது ஒரு தாளில் எத்தனை ஆண்டு, எந்தெந்த எஞ்சின், என்னென்ன வேலை என்று எழுதிக்கொண்டு போங்கள். ஆம்பாஸ், தீரெக்சியோன் அசிஸ்தே, எக்லூஸ் என்ற நாலு சொல்லையும் நாக்குக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

பவர் ஸ்டியரிங் எஞ்சின் ஓடும்வரை மட்டுமே துணை நிற்கும். அது நின்ற பிறகும் படகைக் கரை சேர்ப்பது கையிலுள்ள அனுபவம். அந்த அனுபவம் எங்கள் மூத்தவர்களிடம் நிறைய இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுப் பழகிக்கொள்வோம்.